மேலூர் பஸ்ஸுக்கு அடுத்த வண்டி

திவ்யாவுக்கு அந்தக் கேள்வியைப் பார்த்ததுமே எரிச்சல் மண்டியது. நாலே நாலு பஸ். மேலூர், தேனி, நத்தம், சிவகங்கை. காலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. மேலூர் பஸ், தேனி பஸ்ஸுக்கு முன்னால் போகும். ஆனால் மேலூர் பஸ் போனதும் அடுத்ததாகப் போவது தேனி பஸ் இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போவது சிவகங்கை பஸ். அப்படியானால் இரண்டாவதாகக் கிளம்பும் பஸ் எது?

வங்கி கிளார்க் தேர்வில் அவளை இரண்டு தடவை கவிழ்த்தவை இந்த வரிசைக் கேள்விகள்தான். கணக்கில் அவள் புலி. இங்கிலீஷும் பரவாயில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்டால் மட்டும் மூளை பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

தாளில் நாலு கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் மேலூர். அந்தச் சூட்டோடு சூடாக இரண்டாவதில் தேனி. அடுத்த நிபந்தனையைப் படித்ததும் முழித்தாள். மேலூருக்குப் பிறகு தேனி வர வேண்டுமாம், வரவும் கூடாதாம். இதென்ன கூத்து? கேள்வியே தப்பு என்று முடிவு கட்டி, 'நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று முரண்' என்ற விடையில் பட்டென்று டிக் அடித்தாள்.

பழங்காநத்தத்தில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே இருந்தது அந்தப் பயிற்சி வகுப்பு. பாடம் எடுக்கும் தமிழ்வாணி திவ்யாவைவிட நாலைந்து வயது சின்னவள். ஆனால் வாய் மட்டும் பெரிது.

"திவ்யாக்கா, மேலூருக்கு அடுத்து தேனின்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க, நானும் பாத்துக்கிறேன்."

"முன்னாடி போகும்னு போட்டிருக்குல்ல?"

"முன்னாடின்னா முன்னாடி. ஒட்டிக்கிட்டுப் போகும்னு யாரு சொன்னா? நடுவுல ஒரு வண்டி போகட்டுமே, உங்களுக்கு என்ன போச்சு?"

"அப்படித்தானக்கா வரும் முறை?" என்று திவ்யா பதற்றத்தில் சின்னவளையே அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"பஸ்ஸுக்கு என்னக்கா முறை? அதுக என்ன அண்ணன் தம்பியா?"

அந்தச் சொல்தான் திவ்யாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாவம், தமிழ்வாணிக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்த சனோபருக்குத் தெரியும். வில்லாபுரத்துக்காரி, சின்ன வயதிலிருந்தே தோழி. அவள் மேசைக்குக் கீழே திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை திவ்யாவின் மகள் கயலுக்குக் காதுகுத்து. செக்கானூரணியில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவன் வெள்ளைத்துரை, இளையவன் சிவபாண்டி. இரண்டு பேரும் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொதுக் கிணறு. மோட்டாருக்கு முறை உண்டு, முதலில் அண்ணன் வயல், அப்புறம் தம்பி வயல். ஒரு கோடையில் அண்ணன் ஊரில் இல்லாத நேரம் தம்பி முந்திக்கொண்டு மோட்டாரைப் போட்டுவிட்டான். திரும்பி வந்தவன் களத்துமேட்டில் நாலு பேர் பார்க்கக் கத்தினான். இவன் பதிலுக்கு ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல்லை இங்கே எழுதினால் இன்னும் இரண்டு வருஷம் சண்டை நீளும், விடுங்கள்.

இத்தனைக்கும் சின்ன வயதில் இரண்டும் ஒட்டிப்பிறந்ததுகள் மாதிரி. ஒற்றை சைக்கிளில் வெள்ளைத்துரை மிதிப்பான், கேரியரில் சிவபாண்டி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருப்பான். பந்தியில் அண்ணன் உட்கார்ந்த மறு நொடி அடுத்த இலையில் தம்பி. திவ்யா கண்ணால் கண்ட முன்னும் பின்னும் அதுதான். முன்னால் ஒருத்தன் என்றால் அவன் முதுகை ஒட்டி இன்னொருத்தன். பஸ்ஸையும் அவள் அப்படித்தான் நிறுத்துவாள், வேறெப்படி நிறுத்துவாள்?

முந்தின வாரம் இரண்டு வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு போயிருந்தாள். வெள்ளைத்துரை திண்டுக்கு முண்டாகப் பேசினான்.

"என் சீர்த்தட்டு மண்டபத்துப் படியேறுன பெறகுதான் அவன் தட்டு ஏறணும். இல்லேன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன், சொல்லிப்புட்டேன்."

சிவபாண்டி அதற்கு மேல். "மூத்தவன் மொதல்ல வரட்டும், யாரு வேணாம்னா? ஆனா அவன் முதுகைப் பாத்துக்கிட்டே மேளத்தோட நடந்து வர நான் ஆள் இல்ல. ஊரே சிரிக்கும். தம்பி வாலைப் பிடிச்சு வந்துட்டான்டான்னு பேசுவாங்க."

இதோடு விட்டதா? திவ்யாவின் கணவன் சூர்யபிரகாஷுக்குப் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், நல்லகாமன். ஊர் விசேஷம் எதுவானாலும் முறை சொல்வது அவர்தான். "தாய்மாமன் சீர் அம்புட்டும் உள்ள எறங்குன பெறகுதான் மத்த சொந்தபந்தம் தட்டோட வரணும். நடுவுல யாரும் நுழையக்கூடாது" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திவ்யா வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். அண்ணன் முதலில், தம்பி அண்ணனுக்கு அடுத்து வரமாட்டான், வேறு யாரும் நடுவில் வரவும் கூடாது. அம்மா சின்னத்தாய் போனில், "ரெண்டும் ஒத்துக்கிடலடி, ஒருத்தன் மடி போதும்னு வச்சுக்க" என்றாள். எவன் மடியை வேண்டாம் என்பது? கயல் பிறந்த அன்றைக்கே, ஒரு காது பெரிய மாமன் மடியில், மறு காது சின்ன மாமன் மடியில் என்று ஆஸ்பத்திரியிலேயே இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டவர்கள். ஒருத்தனை விட்டுவிட்டு இந்த விசேஷத்தை நடத்தினால், அப்புறம் அந்த வீட்டு வாசலை ஆயுசுக்கும் மிதிக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, கனவு கண்டது போதும். மறுபடி போடுங்க" என்றாள் தமிழ்வாணி. "சொன்னதை மட்டும் எடுங்க. சொல்லாததை நீங்களா சேக்காதீங்க."

திவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி நாலு கட்டம் போட்டாள். கடைசியில் சிவகங்கை. மேலூர் முன்னால், தேனி பின்னால், ஆனால் ஒட்டக்கூடாது. அப்படியானால் முதல் கட்டம் மேலூர், மூன்றாவது தேனி. நடுவில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. மிச்சமிருந்த நத்தத்தை அதில் எழுதினாள். அடச்சே, இவ்வளவுதானா?

எழுதிய கை அப்படியே நின்றது. முதலில் வெள்ளைத்துரை. மூன்றாவது சிவபாண்டி. கடைசியில் சொந்தபந்தம். நடுவில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நிற்க இன்னொரு தாய்மாமன் வேண்டும்.

"சனோபர், உங்க அண்ணன் எனக்கு என்ன முறைடி?"

"யா அல்லா, இதென்ன கேள்வி? பாவாடை கட்டுன காலத்துலேர்ந்து அண்ணே அண்ணேன்னு அவரு உசுர வாங்குற. இப்ப வந்து என்ன முறைங்குற?"

"அப்ப கயலுக்கு?"

"மாமாதான். வேற என்ன?" என்ற சனோபர், திவ்யாவின் தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அடிப்பாவி!" என்று கத்தியே விட்டாள். தமிழ்வாணி சாக்பீஸை வீசினாள்.

சனோபரின் அண்ணன் ஜமீல், வெள்ளைத்துரையோடு செக்கானூரணிப் பள்ளியில் ஒன்றாய்ப் படித்தவன். அப்போது அவர்கள் குடும்பம் அங்கேதான் பாத்திரக்கடை வைத்திருந்தது. பிற்பாடு கடை மதுரைக்குள் போனது, வீடு வில்லாபுரத்துக்குப் போனது, பழக்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஜமீல் வீட்டு நோன்புக் கஞ்சி இங்கே வரும், இங்கே பொங்கிய பொங்கல் அங்கே போகும். சின்னத்தாயை அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அன்றைக்குச் சாயங்காலமே திவ்யா போனை எடுத்தாள். இந்த முறை அழவில்லை. பரீட்சைத் தாளைப் படிப்பது போல ஒவ்வொருத்தரிடமும் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"பெரியண்ணே, நீ சின்னண்ணனுக்கு முன்னாடி வரணும். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"நீ வந்த கையோட அவரும் வரணும்னு இல்லையே?"

"அவன் மறுநாள் வந்தாக்கூட எனக்கென்ன? நான் முன்னாடி. அதுதான் பேச்சு."

அடுத்து சிவபாண்டி. "சின்னண்ணே, பெரியண்ணன் முன்னாடி வாரதுல உனக்குச் சம்மதம்தானே?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே, நீதான் காதுல வாங்காம கண்ணைக் கசக்கிக்கிட்டுப் போன. அவன் முதுகுக்குப் பின்னாடி நான் வரமாட்டேன். வேற ஆரு முதுகாவது இருந்தா வாரேன்."

கேட்டீர்களா கதையை! இரண்டு பேரும் அன்றைக்கே வழியை விட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். கோபத்தைக் கேட்ட வீடு, சொன்னதைக் கேட்கவில்லை. திவ்யாவுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மிச்சம் இருந்தவர் நல்லகாமன். அவரிடம் போனில் பேசினால் எடுபடாது என்று மறுநாள் நேரிலேயே போனாள்.

"பெரிய மாமா, தாய்மாமன் எத்தனை பேரு வேணா வரலாமா? ரெண்டு பேருக்கு மேல கூடாதுன்னு எதும் உண்டா?"

"ஏழு பேரு இருந்தா ஏழு பேரும் வருவான். அதுக்கென்ன கணக்கு?"

"ஜமீல் அண்ணன் வந்தா?"

கிழவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.  

"உங்கப்பன் செத்தன்னிக்கு நீர்மாலைக்குக் குடம் எடுத்துக்குடுத்தவன் அவன்தானே?"

"ஆமா மாமா."

"பெறகென்ன என்னையக் கேக்குற? மாமன்னா மாமன்தான். வரச் சொல்லு" என்றார் நல்லகாமன். திவ்யா அவர் காலில் விழப் போனாள். "போ போ, காதுகுத்துக்குப் பெறகு விழுகலாம்" என்று அவர் விரட்டினார்.

ஜமீலிடம் சொன்னதும் அவன் வாயெல்லாம் பல். "ரெண்டு பேரும் தனித்தனியா வந்து என் கடையிலதான் சீர்ப்பாத்திரம் எடுத்தானுக. அவன் எடுத்ததைவிடப் பெருசா காட்டுன்னு ஆளுக்கு ஆளு என் உசுர எடுத்தானுக. இப்ப நான் அவனுக ரெண்டு பேர விடவும் பெரிய அண்டாவாக் கொண்டாரேன், பாரு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வெள்ளைத்துரை சொன்னபடி முதல் ஆளாக வந்தான். மேளம், வேட்டு, தலையில் தட்டுகளோடு பத்துப் பதினைந்து பெண்கள். திவ்யா ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள். அவன் நேரே மேடையில் போய் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தான்.

சிறிது நேரத்தில் தெருமுனையில் இன்னொரு மேளம் கேட்டது. ஜமீல் அண்ணன் என்று ஓடிப் போய்ப் பார்த்தாள் திவ்யா. பார்த்தால் சிவபாண்டி! ஜமீலைக் காணவே காணோம்.

சனோபர் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "நாகமலைகிட்ட லாரி ஒண்ணு குறுக்க நிக்குதாம்டி. வண்டி அசையலயாம்."

"ஐயோ, என் தலையெழுத்தே!"

ஜமீல் இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும் சிவபாண்டி மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டான். மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் தட்டு வைத்திருந்த பெண்கள் வெயிலில் முணுமுணுத்தார்கள். மேடையில் ஆசாரி, நல்ல நேரம் போகுது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இப்போது சிவபாண்டி உள்ளே வந்தால் அண்ணன் முதுகுக்குப் பின்னால் வந்ததாகும். திரும்பிப் போனால் எல்லாம் போயிற்று. திவ்யா வாசலில் நின்று அவனையே பார்த்தாள்.  அவனும் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். போகவும் இல்லை, வரவும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அந்தத் துண்டே நனைந்துவிட்டது.

ஹாரன் சத்தம் கேட்டது. குட்டியானை வண்டியில், மினுமினுக்கும் பித்தளை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜமீல் நின்றுகொண்டே வந்தான். முன்சீட்டில் அவன் அம்மா மைதீன் பீவி, மடியில் பூத்தட்டு. திவ்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அண்ணே! ஓடியாங்க!" என்று ஊரே திரும்பும்படி கத்தினாள்.

ஜமீலுக்கு மேளம் கிடையாது, வேட்டு கிடையாது. சிவபாண்டி தன் மேளக்காரர்களைப் பார்த்து, "எங்க ஜமீல் அண்ணனுக்கு அடிங்கப்பா" என்றான். அந்த மேளத்தோடு ஜமீல் உள்ளே போனான். அவன் முதுகைப் பார்த்தபடி சிவபாண்டி படியேறினான். அதற்குப் பிறகுதான் மற்ற சொந்தபந்தம். நல்லகாமன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நாலு கட்டமும் அதனதன் இடத்தில் விழுந்தது.

காது குத்துவதற்கும் அதே ஏற்பாடுதான். முதல் காது வெள்ளைத்துரை மடியில். பிறகு ஜமீல் குழந்தையை வாங்கி, வாழைப்பழம் கொடுத்துச் சமாதானம் பண்ணுவான். அப்புறம் சிவபாண்டி மடி. அண்ணன் தம்பி ஒருத்தர் கை ஒருத்தர் மேல் படவே தேவையில்லை. திவ்யா யோசித்து யோசித்துப் போட்ட திட்டம்.

முதல் காதில் ஊசி ஏறியதும் கயல் வீறிட்டாள் பாருங்கள், சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். ஜமீல் பழத்தை உரித்துக்கொண்டு கையை நீட்டினான். குழந்தை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைத்துரையின் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிரித்தெடுக்கப் பார்த்தால் இன்னும் கூப்பாடு.

"நேரமாச்சுய்யா, யாராவது புடிங்க" என்று ஆசாரி சத்தம் போட்டார்.

சிவபாண்டி ஒரு நொடி தயங்கினான். அப்புறம் நகர்ந்து வந்து அண்ணனை ஒட்டி உட்கார்ந்தான். தொடையோடு தொடை. குழந்தையின் கால்களைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். பாதிக் கயல் ஒருத்தன் மடியில், பாதிக் கயல் இன்னொருத்தன் மடியில். ஊசி கிட்டே வந்ததும் அவள் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள்.

"அண்ணே, தலையப் புடிண்ணே!"

 இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. வெள்ளைத்துரை குழந்தையின் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

"புடிச்சிருக்கேன்டா. நீ காலை விட்டுறாத. ஒதைச்சாள்னா ஊசி மாறிரும்."

"விட மாட்டேண்ணே."

ஊசி ஏறியது. கயல் அழுதாள், திவ்யா அழுதாள், சின்னத்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஜமீல் உரித்த பழத்தோடு சும்மா நின்றான். இனி தனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பழத்தைத் தானே தின்றான். தின்றுகொண்டே அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பந்தி நடக்கும்போது தயிர் தீர்ந்துவிட்டது. சமையல்காரர் கையைப் பிசைந்தார். தாய்மாமன் இருக்கிற விசேஷத்தில் தயிருக்குக் குறையா என்று வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"ஒத்தையில எப்படிண்ணே ரெண்டு கேனைத் தூக்குவ?" என்று காலிக் கேன்களோடு சிவபாண்டி பின்னால் ஏறினான். ஒரு கையில் கேன்கள். இன்னொரு கை அண்ணன் இடுப்பைப் பிடித்திருந்தது.

வாசலில் நின்ற திவ்யா, வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"சனோபர், வகுப்புல நான் மொதல்ல போட்ட கட்டம் தப்பில்லடி. மேலூருக்கு அடுத்து தேனிதான்."

"அடியே, பரீட்சையில அப்படிப் போட்டுத் தொலைச்சுறாத. நத்தம் பஸ் உள்ள உக்காந்து மூணாவது இலை பிரியாணி சாப்பிடுது, அதைப் போய்க் கவனி" என்றாள் சனோபர்.